தேள்கொடுக்குக்கு நல்ல தண்ணீர்

மைனி,

நேற்று மாலை நம் வீட்டு அடுக்களையில் கூடிய குடும்பக் கூட்டம், கொல்லையில் வடக்குச் சுவரோரம் முளைத்திருக்கும் களையைப் பிடுங்குவதில்லை என்று ஏகமனதாக முடிவு செய்தது. அப்பா தலைமை வகித்தார். அம்மா தீர்மானத்தை முன்மொழிந்தாள். நான் வழிமொழிந்தேன். எதிர்க்க ஆளில்லை, இப்போது இந்த வீட்டில் இருப்பதே நாங்கள் மூன்று பேர்தான். யுத்தம் முடிந்து, தேசத்துக்குச் சுதந்திரமும் வந்துவிட்ட பிறகு, நாங்கள் தீர்மானிக்க மிச்சமிருந்த பெரிய விஷயம் இதுதான்.

மழைக்குப் பிறகு அது தானாகவே வந்திருக்கிறது. இலையைக் கிள்ளினேன். விரலில் அந்தப் பச்சை வாடை ஏறியதும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புத்தகங்களைக்கூடக் கீழே வைக்காமல் நேரே கொல்லைக்கு நடக்கிற உங்கள் செருப்புச் சத்தம் கேட்டது. கேட்டது என்று எழுதுவது தவறு. கேட்கவில்லை.

எல்லாம் ஒரு பூவிதைப் பொட்டலத்தில் தொடங்கியது. தந்தது நீங்கள் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் துரைசாணி. கோடைக்குக் கொடைக்கானல் போனபோது வாங்கி வந்தது. மேலே ஒரு படம்: சுருண்ட காம்பில் குட்டிக் குட்டியாய் நீலப் பூக்கள், நடுவில் மஞ்சள் பொட்டு. பூவின் பெயருக்கு 'என்னை மறவாதே' என்று அர்த்தம் என்றீர்கள்.

"பூவுக்கு இப்படியா பேரு வைப்பாக? எந்த வியாதிக்கும்மா ஆகும்?" என்றார் அப்பா. கருப்பட்டிக் கடைக்காரர் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி. ஒன்றுக்கும் ஆகாது என்றதும் அவருக்கு அந்தச் செடியின் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

உங்களுக்கு அது ஆயிற்று. உங்களைக் கட்டிய என் அண்ணன் ரங்கூனுக்கு மரக்கம்பெனி வேலைக்குப் போனவர். அங்கே குண்டு விழுந்த பிறகு கடிதம் இல்லை. காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்த புன்னைக்காயல்காரர் ஒருவர், "கூடத்தான் வந்தாக. வழியில பிந்திட்டாக" என்றார். 'பிந்திட்டாக' என்ற அந்த ஒரு வார்த்தையைத் தின்று நம் வீடு வெகுநாள் உயிர் வாழ்ந்தது. பிறகு சாத்தான்குளத்திலிருந்து பெரியப்பா வந்தார். அவர் எதையும் முடித்துவைப்பதில் வல்லவர்.

"ஒரு துக்க ஜெபத்தை நடத்தி முடிச்சிருவோம். பாதிரியார்ட்டயும் சொல்லிட்டேன். இந்தப் பிள்ளை இப்படியே தாலியோட இருந்தா நாலு பேரு என்ன பேசுவான்?"

ஜெபம் முடிந்தால் உங்கள் கழுத்திலிருந்து தாலி இறங்கும், வெள்ளைச் சேலை ஏறும். அண்ணன் இறந்துவிட்டார் என்று பர்மாக் காடு சொல்லவில்லை. ஆகவே பெரியப்பா சொல்ல வேண்டியிருந்தது.

நீங்கள் தலையை நிமிர்த்தாமல் சொன்னீர்கள்: "இந்தப் பூ பூக்கட்டும் மாமா. பூக்காமப் பட்டுப்போச்சுன்னா நீங்க சொன்னபடி செய்யுதேன்."

பெரியப்பா எட்டிப் பார்த்தார். விதைக்கென்று கொத்திய பாத்தியில் மண் மட்டும் இருந்தது. உப்புக் காற்றில் தகரமே உதிர்கிற ஊரில் மலைநாட்டுப் பூ! கிறிஸ்துமஸுக்குள் காரியம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

ஆழ்வார்திருநகரிப் பக்கமிருந்து ஒரு மூட்டை ஆற்று வண்டல் வந்தது. வெயிலுக்கு ஓலைத்தட்டி சாய்த்தீர்கள். டப்பாவில் ஆணியால் துளை போட்டுத் தூவல் வாளி செய்தீர்கள். தண்ணீர்தான் சிக்கல். நம் கிணறு உப்பு. குடிக்கிற நல்ல தண்ணீர் வண்டியில் வரும், வீட்டில் அவரவருக்குப் பங்கு உண்டு.

"மனுசனுக்கே தொண்டை நனையல, இவ செடிக்கு ஊத்துதா. ஏளா, அது என்ன மகாராணி பெத்த பிள்ளையா?" என்றாள் அம்மா.

"என் பங்குலதான் அத்தை ஊத்துதேன்."

அன்று முதல் நீங்கள் மத்தியானக் காப்பி குடிக்கவில்லை. கேட்டால், காப்பி குடித்தால் தலை வலிக்கிறது என்றீர்கள்.

விதை முளைத்தது. நம்மில் அதிகம் மகிழ்ந்தவர் அப்பாதான். "துரைசாணி பங்களாவுல பாத்தி ஓரமெல்லாம் வெள்ளையால்லா கட்டியிருக்கு" என்று கடற்கரைக் குவியலிலிருந்து ஒரு சாக்குச் சிப்பி கொண்டுவந்து ஓரம் கட்டினார். மிஞ்சியதை நொறுக்கிச் செடிகளுக்கு நடுவிலும் பரப்பினார். மற்ற ஊரில் என்றால் செங்கல் வைப்பார்கள். நம்முடையது முத்துக் குளிக்கிற ஊர். முத்தை யாரோ கொண்டுபோனார்கள்; சிப்பியும் அதில் ஒட்டிய உப்பும் நமக்கு. அடுத்த மழையில் அந்த உப்பு மண்ணில் இறங்கியது. நாற்றுகள் மஞ்சளாகி, கரைந்துபோயின.

"நல்லதுன்னுதானம்மா செஞ்சேன்" என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். நீங்கள் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தீர்கள். மறுநாளும் தூவினீர்கள். அதைப் பார்க்க முடியாமல் நான் கடைக்குப் போய்விட்டேன்.

அந்த ஈரத்தில்தான் இது முளைத்தது. ஆடுகூட வாய் வைக்காத தெருவோரக் களை. தேளின் வால் மாதிரி சுருண்ட காம்பு, அதில் வெளிறிய நீலத்தில் பொடிப்பூ. தேள் கொட்டினால் இலையை அரைத்துப் போடுவார்கள். ஊரில் இதைத் தெரியாதவர் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெரியப்பா வந்தார். குனிந்து பார்த்தார். "இது தேள்கொடுக்குல்லா?"

சிறுவயதிலிருந்து பனங்காட்டில் இந்தக் களையைக் கூடை கூடையாகப் பிடுங்கி எறிந்தவள் நம் அம்மா. அவள் சொன்னாள்: "உங்களுக்கு என்ன தெரியும் அத்தான்? சீமைப் பூவு. படத்தைப் பாருங்க, அதே சுருட்டை. பூத்துட்டு. ஜெபம் கிடையாது."

அப்பா, தம் ஆயுளில் முதல் தடவையாக, தாவரங்களைப் பற்றிக் கருத்துச் சொன்னார்: "படத்துல இருக்கதுதான்." பெரியப்பா எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு மீன்குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

அன்று பாத்திரம் கழுவும் இடத்தில் உங்களிடம் மெல்லச் சொன்னேன்: "மைனி, அம்மா உங்களுக்காகச் சொன்னது அது..."

"தெரியும் தம்பி. நான் பிள்ளைகளுக்குச் செடிகொடிப் பாடம் நடத்துதவ. எனக்குத் தெரியாதா?" கையில் சாம்பலோடு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு முழுசாக வரவில்லை. "அத்தை எனக்காகவா சொன்னாக? நான் இதப் பிடுங்கிட்டா அவுக மகன் செத்துருவாருல்லா. ஊத்திட்டே இருப்போம்."

ஒவ்வொரு மழைக்கும் அது வந்தது. நீங்கள் உங்கள் பங்கை ஊற்றினீர்கள். யுத்தம் முடிந்து ரங்கூன்காரர்கள் திரும்பியபோது ஒவ்வொரு வீடாகப் போய் விசாரித்தீர்கள். திரும்பி வந்ததும் கொல்லைக்குப் போவீர்கள். நாங்கள் உங்கள் முகத்தைப் பார்த்தே கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். உங்களை நீங்களே ஏமாற்றிக்கொண்டீர்களா, எங்களை ஏமாற்றினீர்களா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்று இருக்குமானால், அதற்கு என்னிடம் பெயர் இல்லை.

போன வருஷம் டைபாய்டு உங்களைக் கொண்டுபோனது. தாலியோடுதான் அடக்கம் செய்தோம். கல்லில் 'மனைவி' என்று வெட்டச் சொன்னது அம்மா. பெரியப்பா அருகில்தான் நின்றார், மறுக்கவில்லை. அண்ணனுக்கு இன்றுவரை ஜெபம் நடக்கவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து அந்தத் துளை போட்ட டப்பாவும், 'ஊத்திட்டே இருப்போம்' என்ற இரண்டு சொற்களும். டப்பா துருப்பிடித்துவிட்டது. களை எந்தத் தண்ணீரிலும் வளரும், தண்ணீரே இல்லாமலும் வளரும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நேற்று, கூட்டம் கலைந்த பிறகு, கிணற்றில் இறைத்து அந்த டப்பாவை நிரப்பினேன்.

"ஏலே, உப்புத் தண்ணியவா ஊத்துத?" என்று அம்மா டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

இன்று முதல் அம்மா மத்தியானக் காப்பி குடிப்பதில்லை.