கட்டிலுக்கடியில் படித்த புத்தகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, அப்பாவுக்கும் வேண்டாம். உன் இருமல் குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். ஹாஸ்டல் சாப்பாடும் பரவாயில்லை.

மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்த தர்சினி என் அறைதான். அவளைத் தவிர யாரும் என்னிடம் பேசுவதில்லை. அவள் கணக்கில் முதல் மார்க் வாங்கினாள். நல்ல சேதி வந்தால் நம் ஊரில் வெடி போடுவோமே என்று, நீ கொடுத்துவிட்டதில் ஒன்றை ஜன்னலுக்கு வெளியே வெடித்தேன். அவள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். "ஏட்டி, எலி வளைக்குள்ள போயிருச்சு!" என்று சத்தம் கேட்டு ஓடிவந்த மற்ற அறைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

நூலகத்தில் ஒரு படப் புத்தகம் எடுத்தேன். ஏதோ பாலைவன நாட்டில், விமானச் சத்தத்துக்குப் பயந்து பானைக்குள் ஒளியும் சிறுமியின் கதை. நானும் கட்டிலுக்கடியில் நுழைந்து அவளுக்கு வாசித்தேன்.

"அந்தப் பிள்ளைக்கும் பயமோ? உனக்குப் பயமே இல்லையோ?" என்றாள்.

"எங்கம்மா வெடிக் கம்பெனிக்குப் போற அன்னைக்கெல்லாம் பயந்தான்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நீ வருத்தப்படாதே, அம்மா.

வெடித்தது யார் என்று வார்டன் இன்றிரவு அறை அறையாகக் கேட்கிறார். வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். அப்புறம் அப்பா என்னையும் உன்னோடு கம்பெனி வேனில் ஏற்றிவிடுவார். தர்சினிக்கு மட்டும்தான் தெரியும், அவள் சொல்லவில்லை.

இனி வெடி வேண்டாம். காரச்சேவு மட்டும் இரண்டு பேருக்குக் கொடுத்துவிடு.

கதவைத் தட்டுகிறார்கள். தூங்கிக்கொண்டிருந்த தர்சினி மறுபடியும் கட்டிலுக்கடியில் போய்விட்டாள். அம்மா, நான்தான் என்று சொல்லப்