கொடிமேடையில் சிவப்புத் தோரணம்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, சின்னவள், நான் மூவரும் சுகம். உன் சுகம் தெரிந்திருந்தால் நால்வரும் சுகம் என்று எழுதியிருப்பேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே, வலது கை ஆள்காட்டி விரலில் கத்தரி பட்டு மூன்று தையல் போட்டிருக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதுடி என்றால், கடிதம் என்று ஒன்று எழுதினால் அது ஒழுங்காக இருக்க வேண்டாமா என்று என்னையே திருத்துகிறாள். உன்னிடமிருந்து ஒரு வரி வந்து இரண்டு மாதமும் நாலு நாளும் ஆகிறது. போன முறை வந்தபோது அப்பா கொண்டுவந்த சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லீவில் இரண்டு நாள் மீதி இருக்கும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். அந்தக் கோபம்தான் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நானும் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தேனே தவிர, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன். (அக்கா, இதை அம்மா சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். தபால்காரர் வரும் நேரத்துக்கு அம்மா தையல் மெஷினை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். அவர் போன பிறகு பழைய இடத்துக்கே தள்ளிவிடுகிறாள். தரையில் கோடு விழுந்துவிட்டது.)

போன சனிக்கிழமை படகுகள் கரை திரும்பும் நாள். நீ பார்த்து வளர்ந்ததுதான், மழைக்காலத்துக்கு முன் கடைசியாகக் கடலுக்குப் போனவர்கள் எல்லாரும் வெளியே ஓரிடத்தில் கூடி, பழைய படகு முதலில் வர, ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குள் நுழைவார்கள், ஊரே அலைத்தடுப்புச் சுவர் மேல் ஏறி நிற்கும், அப்புறம் வலைக்கொட்டகையில் எல்லாருக்கும் சாப்பாடு. இந்த வருஷமும் அப்பாவின் படகுதான் முதலில். தோரணம் தைக்கிறது வழக்கம்போல் என் பொறுப்பு. துணிக்கடையில் நீலம் போதுமான அளவு இல்லை என்று சிவப்பில் ஒரு கட்டைத் தலையில் கட்டிவிட்டான். சிவப்பை நாம் துறைமுக வாயில் பக்கம் கொண்டுபோக மாட்டோம், கொடிமேடையில் சிவப்பு ஏறினால் உள்ளே வராதே என்று அர்த்தம், அது எனக்குத் தெரியாதா. அதனால் சிவப்பு முக்கோணங்களைக் கொட்டகைக்குள் கட்டுவதற்கென்று தனியாகக் கோத்து ஒரு சாக்கில் வைத்தேன், நீலமும் மஞ்சளும் சுவருக்கென்று இன்னொரு சாக்கில். சனிக்கிழமை காலை எதிர்வீட்டு ஐஸ்கார அத்தை வந்து சுவருக்குக் கட்டுகிற சாக்கு எது என்று கேட்கிறாள், அதே நேரம் தெருமுனையில் சைக்கிள் மணி. மூலையில இருக்கு எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டு நான் வாசலுக்கு ஓடினேன். இரண்டு சாக்குமே மூலையில்தான் இருந்தன. தபால்காரர் கொடுத்தது கரண்ட் பில்.

சுவரில் தோரணம் கட்டியவர்கள் எல்லாம் கடலுக்குப் போகாத கூட்டம், பாங்கிக்காரர்களும் கூட்டுறவு ஆபீஸ்காரர்களும். கொடிமேடைக் கம்பத்தில் ஆரம்பித்துச் சுவரின் முனைவரை அழகாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் அது தோரணம், கடலிலிருந்து பார்த்தால் கொடி. கொடிமேடைக்குப் பொறுப்பான நம் பைனாகுலர் மாமா அன்றைக்கென்று புதுச் சட்டை மாற்றிக்கொள்ள வீட்டுக்குப் போயிருந்தார். நாலு மணிக்கு அப்பாவின் படகு தெரிந்தது, பின்னால் இருபத்தாறு படகுகள். நேராக வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. பின்னால் வந்தவையும் நின்றன. என்னவோ என்று எல்லாரும் கையை ஆட்டினோம், துண்டை வீசினோம், வாங்க வாங்க என்று கத்தினோம். நாங்கள் ஆட்ட ஆட்ட அப்பா படகைத் திருப்பிக்கொண்டு இன்னும் தூரமாகப் போகிறார். ஐஸ்கார அத்தை, உன் வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் கரையே பிடிக்கலை போல என்று கேலி பேசுகிறாள். எனக்கு அந்தக் கேலி மனதில் ஏறவில்லை. காற்று வேறு எழும்ப ஆரம்பித்துவிட்டது, பின்னாலிருந்த சின்னப் படகுகள் முங்கி முங்கி எழுந்தன. படகில் வயர்லெஸ்ஸா இருக்கிறது கூப்பிட்டுச் சொல்ல. பைனாகுலர் மாமா பாதிப் பொத்தான் போட்ட சட்டையோடு ஓடிவந்து கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, உங்க வீட்டுக்காரர் நம்மளப் பார்த்து முஷ்டிய ஆட்டுறாரும்மா என்றார். அப்போதுதான் நான் தலையை நிமிர்த்திக் கம்பத்தைப் பார்த்தேன். நான் தைத்த சிவப்பு, முழ நீளம் முழ நீளமாய். இடுப்பில் செருகியிருந்த கத்தரியை எடுத்துக்கொண்டு சுவர் முழுக்க ஓடினேன், கத்தரியைக் கைக்குக் கை மாற்றி வெட்டி வெட்டித் தள்ளினேன், விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டது கடைசித் துண்டு விழுந்த பிறகுதான் தெரிந்தது.

எல்லாப் படகும் உள்ளே வந்து சேர இருட்டிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா கரையில் கால் வைத்ததும், முப்பது வருஷமா சிவப்பப் பார்த்தா நில்லுன்னு பழக்கிட்டு, இப்ப கையை ஆட்டினா நான் என்னன்னு நெனைக்கிறது, போ போன்னு வெரட்டுறீங்கன்னுதானே நெனைப்பேன் என்றார். ஊரே சிரித்தது. சாப்பாட்டுப் பந்தியில் அவர் இலையில் ஆளாளுக்கு இரண்டு கரண்டி அதிகம் வைத்தார்கள். அவர் சாப்பிடாமல் என் கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இத்தனை நாளாக உன்னைப் பற்றி வாயே திறக்காத மனிதர், மெதுவான குரலில், பெரியவளுக்குக் கடைசியா என்ன எழுதினே என்று கேட்டார். சொன்னேன். உன் அறைக் கூரையில் ஓடு மாற்றுகிறோம் என்று பிரித்துப் போட்டிருந்தார்கள், கட்டில் கூடத்தில் கிடந்தது, வந்தால் படுக்க இடமில்லை, தூசி உனக்கு ஆகாது, அதனால்தான் இப்போது வர வேண்டாம் என்று எழுதினேன். அந்த வரியோடு காகிதத்தில் இடம் தீர்ந்துவிட்டது. காரணத்தை அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன். உன் பதில் வரட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா இலையை மடித்தார். அப்புறம், அப்போ அவளும் வெளியிலேயே நிக்கிறா என்றார்.

சம்பந்தம் பேசினதை மனதில் வைத்துக்கொண்டுதான் அம்மா வர வேண்டாம் என்று எழுதினாள் என்று நீ நினைத்திருப்பாய், நினைக்காமல் என்ன செய்வாய். அப்படி இல்லை. அந்தத் தரகரிடம் இனி இந்தப் பேச்சோடு வாசல்படி ஏற வேண்டாம் என்று அப்பாவே போன வாரம் சொல்லிவிட்டார், எனக்கே இப்போதுதான் சொல்கிறார். உன் அறையில் புது ஓடு போட்டாயிற்று, ஒழுகல் இல்லை, கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டிருக்கிறேன், சின்னவளின் புத்தகங்கள் அதன்மேல் கிடக்கின்றன, நீ வருகிற அன்றைக்கு எடுத்துவிடுவாளாம். (முந்தின நாளே எடுத்துவிடுவேன்.) லீவு எத்தனை நாள் கிடைக்கிறதோ அத்தனை நாள் வா, ஒரு நாள் என்றாலும் வா. அப்பா கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், தூங்கவில்லை, நான் சொல்லுகிறது எல்லாம் கேட்கிறது, நடுவில் நிறுத்தினால் இருமுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன், காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல் இருக்க வேண்டும், அது ஒன்றைத்தான் தினமும் கேட்கிறேன். மறந்துவிடாதே, இன்றிலிருந்து மூன்று மாதம் கடல் மூடல், எந்தப் படகும் துறைமுகத்துக்குள் வரவோ வெளியே போகவோ கூடாது. பஸ் வளைவில் திரும்பும்போது கொடிமேடையில் சிவப்புப் பறக்கும். அது படகுகளுக்கு. நீ நேராக வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உன் அம்மா
(கீழே உள்ள கோணல் கையெழுத்தை அம்மா இடது கையால் போட்டாள். அதற்குப் பக்கத்தில் உள்ளது அப்பாவுடையது. யாரும் கேட்காமலே எழுந்துவந்து போட்டார்.)