அறைந்தவனை அண்ணனாக்கிய தீர்ப்பு

அனுப்புநர்
ஈவ்லின் ஏசுபாதம்,
கேம்ப் ரோடு,
சேலையூர், தாம்பரம்.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளை அறைந்த மாணவனைப் பள்ளி நிர்வாகம் அவளுக்கு அண்ணனாக நியமித்ததை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இணைப்பில் பெயர் குறித்துள்ள தனியார் பள்ளியில் படிக்கும் என் மகள் ஜாஸ்மினும் அதே வகுப்பு மாணவன் பிரசன்னாவும் காதலித்தார்கள். அந்த வயதில் நடப்பதுதான். அதற்காக நான் தங்கள் அலுவலகப் படி ஏறவில்லை. டியூஷனில் இன்னொரு பையனிடம் நோட்ஸ் வாங்கினாள் என்று, பஸ் ஸ்டாப்பில் எல்லோர் முன்னிலையிலும் பிரசன்னா அவளைக் கன்னத்தில் அறைந்தான். வீட்டுக்கு வந்தபோது ஒரு பக்கக் காது கேட்கவில்லை.

2. நான் புகார் சொன்னதும் துணை முதல்வர் திரு. அனந்தகிருஷ்ணன் இரு வீட்டாரையும் அழைத்தார். "பாசம் இருக்கிற எடத்துலதாம்மா கை நீளும்" என்று எனக்கு விளக்கினார். பையனின் தந்தை திரு. ராஜாராமன் ஒருபடி மேலே போனார். "வேற எந்தப் பொண்ணு மேலயாவது கை வெச்சிருக்கானா? உங்க பொண்ணுன்னா அவனுக்கு உசுரு மேடம்" என்றார். நான் பூரித்துப்போவேன் என்று எதிர்பார்த்தார் போலும். நான் அவ்வளவு கொடுத்துவைத்தவள் இல்லை.

3. பிறகு தீர்ப்பு வந்தது. காதலை எடுத்துவிட்டால் அடி தானாக நின்றுவிடும் என்பது துணை முதல்வரின் கண்டுபிடிப்பு. அடித்ததை அங்கே யாரும் ஒரு பிரச்சினையாகவே எண்ணவில்லை. கடையிலிருந்து ராக்கி வரவழைத்து, அறை வாங்கியவளைக் கொண்டே அறைந்தவன் கையில் கட்டவைத்தார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கமே கிடையாது. லட்டு கொடுத்தார்கள். புகைப்படம் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது, பலரும் வாழ்த்தியிருந்தார்கள்.

4. அடுத்த வாரமே, அந்த டியூஷன் பையனிடம் மறுபடி பேசினாள் என்று பிரசன்னா அவள் மணிக்கட்டை முறுக்கிவிட்டான். முன்பு காதலன் என்று அடித்தவன், இப்போது அண்ணன் என்று அடிக்கிறான். பதவி உயர்வு கொடுத்தது பள்ளி நிர்வாகம். மீண்டும் போய் நின்றேன். "அண்ணன் தங்கச்சி சண்டையில ஸ்கூல் எப்படிம்மா தலையிடும்? வீட்டுல பேசி முடிச்சிக்கங்க" என்று துணை முதல்வர் அனுப்பிவிட்டார்.

5. மனுவில் கிண்டல் தொனித்தால் பொறுத்தருள்க. வயிற்றெரிச்சல் வேறெப்படியும் எழுதவிடவில்லை. மணிக்கட்டு முறுக்கப்பட்ட அன்று நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் சொன்னாள்: "தப்பு என் மேலதாம்மா. அவன்கிட்ட கேட்டுட்டுப் பேசியிருக்கணும்." துணை முதல்வரும் ராஜாராமனும் சொன்னபோது வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

ஆகவே அந்த உறவை ரத்து செய்து, அடித்ததை அடித்தது என்றே பதிவு செய்து, அடித்தவனையும் அவனுக்கு வக்காலத்து வாங்கியவர்களையும் விசாரித்து, என் மகள் பயமின்றிப் பள்ளிக்குப் போக வழி செய்து தருமாறு வேண்டுகிறேன். விசாரணைக்கு அவளை அழைக்கும் முன் தயவுசெய்து எனக்குத் தெரிவிக்கவும். இந்த மனு கொடுத்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் நேரே போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவாள்.

இடம்: சேலையூர்
நாள்: 12.09.2024

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஈவ்லின் ஏசுபாதம்