ஏகமனதாக நிறைவேறிய கேக்

லைப்சிக்

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் இமயமலையை இடக்கையால் தூக்கும் சுகத்தோடு இருக்கிறேன்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், கிழக்கு ஜெர்மனிக் காலத்துக் கம்யூனிஸ்ட் கட்சிக் கிளைத் தலைவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கட்சியில் எந்தத் தீர்மானத்துக்கும் எல்லாக் கையும் ஒன்றாய்த்தான் எழும்புமாம். நேற்றுக் கேக் பரிமாறும்போது, "தோழரே, கையைத் தூக்குங்கோ! ஏகமனதாக நிறைவேறியது!" என்று அண்டம் அதிர முழங்கினேன். மேசையே சிரித்தது.

அவர் உண்மையாகவே கையைத் தூக்கினார்.

"அப்பாவை ஹிட்லரின்ர ஆக்கள் கொன்ற பிறகு என்னை வளர்த்தது கட்சிதான். அது கேட்டால் இந்தக் கை தானாய் எழும்பும்," என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது; விழுங்கவில்லை, அக்கா. இன்று அவருடைய சாப்பாட்டுத் தட்டை வேறொருத்தியிடம் கொடுத்தனுப்பினேன்.

கொஞ்சம் பனங்கட்டி அனுப்புங்கோ. அதைக் கொடுக்கிற சாட்டிலாவது அவர் கதவைத் தட்டலாம். மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

தம்பி நாகமுத்து