தலை உடைந்த சேவல்

அன்புள்ள தடியனுக்கு,

போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். அம்மா விழித்துக்கொண்டால் தொலைந்தேன்.

நீ காய்ச்சலில் செத்துப்போன பிறகும் உன் சேவல் கடிகாரம் தினமும் விடிகாலையில் கூவுவது கேட்கும். அம்மா உன் அறை வாசலில் வந்து நின்று, "எந்திரிடா எருமை, பஸ் போயிடும்!" என்று காலிக் கட்டிலைத் திட்டுவாள். திட்டினால்தான் அவளுக்கு வேலை ஓடும்.

இன்று அந்தக் கடிகாரத்தைத் துடைக்கிறேன் பேர்வழி என்று கீழே போட்டுவிட்டேன். தலை தனி, உடம்பு தனி. காலையில் சேவல் கூவாவிட்டால் அம்மா என்ன ஆவாள்? எல்லோரும் தூங்கிய பிறகு உன் கட்டிலடியில் படுத்து நானே மெதுவாகக் கூவிப் பார்த்தேன்.

"என்னடி இது, முட்டை போட்ட கோழி மாதிரி? மூக்கால இழுத்துக் கூவணும்."

வாசலில் அப்பா!

"சேவல் உடைஞ்சிடுச்சுப்பா..."

"அது ஊமையாகி ரெண்டு மாசம் ஆச்சு. பேட்டரி மாத்தியும் வாய் திறக்கல. நான்தான் கட்டிலடியில படுத்துக் கூவுறேன். உங்கண்ணனுக்கு விழற திட்டெல்லாம் எனக்குத்தான். உங்கம்மாகிட்ட உளறிடாதே."

"உளற மாட்டேன். ஆனா நல்ல ஆளுப்பா நீங்க, மெத்துனு கீழ போர்வை எல்லாம் விரிச்சு வச்சிருக்கீங்க!"

அப்பா குனிந்து பார்த்தார். கையை விட்டுப் போர்வையைத் தடவினார்.

"நான் விரிக்கலையேடி. இன்னைக்குக் காலையில வெறும் தரையாத்தான் இருந்துச்சு."

நானும் விரிக்கவில்லை. வீட்டில் மிச்சம் இருப்பது அம்மா ஒருத்திதான்.

இப்படிக்கு,
நாளைக் காலை அப்பாவுடன் சேர்ந்து கூவப்போகும்
உன் வாலு