பேர் போடாத படம்

க்வம்ஹெலிக், தெற்கு வேல்ஸ்
12 பிப்ரவரி 1957, இரவு

அன்புள்ள இத்வால் அண்ணா,

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கையெழுத்தைத் திட்டாதே.

பெரிய தப்பு செய்துவிட்டேன். நம் ரக்பி கிளப்பின் ஐம்பதாம் ஆண்டு மலருக்குச் செயலாளர் பெய்னன் மாமா உன் படங்கள் கேட்டார். உன் ஆட்டங்களை ஒட்டி வைத்திருக்கும் நோட்டை அப்படியே கொடுத்துவிட்டேன். படுத்த பிறகுதான் நினைவு வந்தது. நீ அனுப்பிய வட இங்கிலாந்துப் பத்திரிகைப் படம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ‘சோதனைக்கு வந்த புதியவர்’ என்று பேர் போடாமல்தான் இருக்கிறது. ஆனால் நாக்கைத் துருத்திக்கொண்டு ஓடுகிறவன் இந்தப் பள்ளத்தாக்கில் நீ ஒருவன்தானே.

வடக்கே காசுக்கு ஆடும் அந்தப் பதின்மூன்று பேர் ரக்பியில் ஒரு தடவை இறங்கினாலே, காசு வாங்காத நம் பதினைந்து பேர் ரக்பியில் ஆயுளுக்கும் தடை. மாமா ரக்பி சங்க மேலிடத்துக்கு எழுதினால் அயர்லாந்துக்கு எதிராக வேல்ஸ் அணியில் நீ ஆட முடியாது. நீ ஆலைப் பயிற்சிக்குப் போயிருப்பதாக நம்பி அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதிலைத் தோழி ஒல்வென் வீட்டுக்குப் போடு.

பயத்தோடு,
நெஸ்டா

லங்காஷயர்
15 பிப்ரவரி

என் செல்ல நெஸ்டி,

அழாதே. படத்தை அனுப்பிய முட்டாள் நான்தான்.

உன் கடிதம் வந்ததிலிருந்து அந்த நோட்டைத்தான் மனதுக்குள் புரட்டுகிறேன். முதல்முறை வேல்ஸ் அணியின் சிவப்புச் சட்டை போட்ட அன்று நீ அப்பாவின் தோளிலேயே தூங்கிவிட்டாய். நான் கோடு தாண்டிப் பந்தை வைத்ததை ஊரில் பார்க்காதவள் நீ ஒருத்திதான்.

பெய்னன் மாமா எங்களுக்கு ஓரக்கோட்டு நடுவராக நின்ற ஆட்டம் நினைவிருக்கிறதா? கடைசி நிமிடத்தில் நான் கோட்டை மிதித்ததற்கு, சொந்தக் கிளப் என்றும் பாராமல் கொடியைத் தூக்கினார். தோற்றோம். ஒரு வாரம் அவரோடு யாரும் பேசவில்லை. அவரிடம் போயா மாட்டிக்கொண்டேன்!

இங்கே கிளப் ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வெள்ளிக்குள் சொல்ல வேண்டும். மனம் சிவப்புச் சட்டையைத்தான் கேட்கிறது.

அண்ணன்,
இத்வால்

க்வம்ஹெலிக்
17 பிப்ரவரி, இரவு

அன்புள்ள அண்ணா,

தேவாலயம் முடிந்ததும் மாமா நோட்டோடு வந்தார். வாங்கியதும் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். பசையில் ஒட்டிப்போயிருந்த கடைசி இரண்டு தாள்களை யாரோ கத்தியால் பக்குவமாகப் பிரித்திருந்தார்கள்.

“கடைசி வரைக்கும் பாக்கலம்மா. கண்ணாடிய வீட்லயே வச்சிட்டேன்,” என்றார்.

கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

தப்பித்தோம், அண்ணா. வந்துவிடு.

நெஸ்டா

லங்காஷயர்
20 பிப்ரவரி

நெஸ்டி,

எனக்காக அந்த மனிதர் பொய் சொல்லிவிட்டார். இனி நான் சிவப்புச் சட்டை போடும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அந்தப் பொய்யைச் சுமக்க வேண்டும். அது முடியாது. சோதனை ஆட்டம் ஆடினேன் என்று அவருக்கு நானே எழுதிவிட்டேன். அப்பாவுக்கும். பிறகுதான் இங்கே கையெழுத்துப் போட்டேன்.

என்மேல் கோபித்துக்கொள். பேசாமல் மட்டும் இருக்காதே.

இத்வால்

க்வம்ஹெலிக்
10 மார்ச்

அன்புள்ள அண்ணா,

இரண்டு வாரம் கோபமாக இருந்தேன். இப்போது கொஞ்சம்தான்.

நேற்று அயர்லாந்து ஆட்டத்தை வானொலியில் கேட்டோம். உன் இடத்தில் வேறு யாரோ. பந்து அந்த ஓரத்துக்கு வந்ததும் அப்பா, “ஓடுடா இத்வால்,” என்றார்.

இன்று மாமாவை வழியில் பார்த்தேன். ஈஸ்டருக்கு நீ வந்தால் நம் கிளப்பின் ஆட்டத்தைப் பார்க்கவாவது விடுவீர்களா என்று கேட்டேன்.

“காசு ஆட்டத்துக்குப் போனவன உள்ள விட முடியாதும்மா. வாசல்ல நின்னு நானே தடுக்கணும்,” என்றார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். “பின்னால இருக்கற மலைச்சரிவு கிளப்போடது இல்ல. அங்க நின்னா ரெண்டு பக்க கோல் கம்பமும் தெரியுது. நேத்துதான் ஏறிப் பாத்தேன்.”

அப்பாவிடம் சொன்னேன். சாயங்காலம், மேலே காற்று அதிகமாக இருக்கும், மூன்று கம்பளி எடுத்து வை என்றார்.

உன்,
நெஸ்டா