நஸ்லின் அனுப்பிய போத்தல்கள்

18.06.2025, புதன்

இன்று கருவாட்டுக் கடையில் விழுந்துவிட்டேன். நெத்தலிச் சாக்கு ஒன்றை அவிழ்க்கக் குனிந்தேன். நிமிரும்போது கண் இருண்டது. உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், அப்படியே சாக்கின் மேல் சாய்ந்தேன். என்னோடு நெடுங்காலம் கடையில் நிற்கிற சப்ரிதான் நிமிர்த்தி இருத்தி, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியைக் குடிக்க வைத்தான்.

“முதலாளி, ஆஸ்பத்திரிக்குப் போவமா?”

“வெக்கைடா. போய் வேலயப் பாரு.”

சீனி வருத்தக்காரனுக்குச் சீனி குறைந்து விழுவதா? கூடினால்தானே வருத்தம்? பகல் சோறு பிந்தியதால் இருக்கும்.

பின்னேரம் தோஹாவிலிருந்து நஸ்லினின் குரல் போனில் வந்து கிடந்தது: “வாப்பா, அந்தப் பச்சை மூடிப் போத்தல் தொடங்கிட்டீங்களா? காலையில ரெண்டு, இரவைக்கு ரெண்டு. சீனிக்கு நல்லமாம். மறக்காதீங்க.” இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன். “ஓம் மகள். நல்ல சுகம்” என்று பதில் அனுப்பினேன்.

விழுந்ததைச் சொல்லவில்லை. சொல்லி?

20.06.2025, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து தனியே சாப்பிட்டேன். பள்ளியில் இத்தனை பேரோடு தோள் உரசி நின்றுவிட்டு ஒரு சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வந்து இருப்பது, மற்ற நாளை விட வெள்ளிக்கிழமைதான் கஷ்டம்.

முன்வீட்டைக் கூட்டினேன். நான் கட்டிய வீடு. நஸ்லினுக்குக் கல்யாணத்தோடு எழுதிக் கொடுத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எனக்கும் என் மனைவி றஹீமாவின் வாப்பா அப்படித்தான் தந்தார். மகள் முன்னுக்கு வந்தால் பெற்றவர்கள் பின்னுக்கு. நானும் றஹீமாவும் பின்னறைக்கு வந்தோம். பிறகு மருமகன் ஷிப்லி கட்டாருக்கு மகளையும் பேத்தியையும் கூப்பிட்டுக்கொண்டார். பிறகு றஹீமாவும் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தாள். இப்போது முன்வீடு பூட்டு, பின்னறையில் நான். கதிரைகளுக்கு மேல் துணி மூடிக் கிடக்கிறது. சாவி என் மடியில்தான். ஆனால் சாவி வைத்திருப்பவனெல்லாம் வீட்டுக்காரன் இல்லை. கூட்டினேன், பூட்டினேன், வந்தேன்.

பின்னறை ஜன்னல் ஓரத்தில் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. லீவில் வருகிற ஆட்களின் கையில் அனுப்புவாள். அவளுக்கு என் சீனி தெரியும், கிட்னி தெரியாது. முக்கால்வாசிக்கு மேல் பழுது என்று கிளினிக்கில் சொன்ன அன்று, “களைப்பா இரிக்கி மகள்” என்று மட்டும் சொன்னேன். களைப்புக்கு ஒரு போத்தல் வந்தது. கால் உளைவு என்றேன், அதற்கொன்று. உடம்பு மெலிகிறது என்றேன், ஒரு வாளியளவு மாப்பவுடர். உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்றேன், உப்புக்குப் பதிலான உப்பு, இரண்டு டப்பா.

அதில் ஒன்றைப் போன கிளினிக்கில் கந்தப்போடிக்குக் கொடுத்தேன். சவளக்கடை ஊரில் வயல் செய்கிறவர். வரிசையில் எப்போதும் எனக்குப் பக்கத்தில் இருப்பார். அவருக்கு என்னை விட மோசம், மெசினில் போட்டு இரத்தம் சுத்தம் பண்ணுகிறார்கள். உப்பில்லாத சோறு இறங்குதில்லை என்று அழாத குறை. கொடுத்ததும் முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோசம்.

காலையில் ஒவ்வொரு மூடியாகத் திறக்கும்போது யாரோ பக்கத்தில் இருந்து “இதையும் குடிங்க வாப்பா” என்பது போல. அதனால்தான் ஒன்றும் தவறுவதில்லை. ஆஸ்பத்திரிக் குளிசையைச் சில நாள் மறந்திருக்கிறேன், இதை மறந்ததில்லை.

27.06.2025, வெள்ளி

வலது கால் செருப்புக்குள் ஏறவில்லை.

02.07.2025, புதன்

ஆஸ்பத்திரி வாட்டில் இருந்து எழுதுகிறேன். கிளினிக்குக்குப் போனவனை வீட்டுக்கு விடவில்லை.

இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்ததும் டொக்டர் சுஜித்தா பேனையைக் கீழே வைத்தார். காரைதீவுப் பிள்ளை, நஸ்லினின் வயதுதான் இருக்கும்.

“ஐயா, பொட்டாசியம் இவ்வளவு ஏறக் கூடாது. இதயம் நிண்டு போற அளவு. என்ன குடிக்கிறீங்க?”

“நீங்க தாறதுதான்.”

“நான் தாறதில இப்பிடி ஏறாது. வேற? கடையில வாங்கினது, வெளிநாட்டால வந்தது, வேர், தூள், சத்து மா?”

“அதெல்லாம் மருந்தில்லத்தானே டொக்டர். சத்துத்தானே. டொக்டர்ட துண்டு இல்லாமத்தானே கடையில குடுக்கிறான்.”

“துண்டு இல்லாமக் குடுக்கிறது, உங்கட கிட்னியப் பத்தி அந்தக் கடைக்காரனுக்குத் தெரியாதபடியாலதான்.”

சந்தையில் என்னை வாயடைக்க வைத்தவர்கள் குறைவு.

நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். நேர்ஸ் மிஸ்ஸி வந்து கேட்டார், “உங்களோட ஆரு வந்திரிக்கிற?”

“கடையில நிக்கிற ஆள்.”

“வீட்டாக்கள்?”

“வீடு இரிக்கி,” என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

04.07.2025, வெள்ளி

டொக்டர் சொன்னபடி சப்ரி ஜன்னல் ஓரத்தை அப்படியே உரப்பையில் அள்ளிக்கொண்டு வந்தான். கட்டிலில் கொட்டினேன். டொக்டர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, முதுகில் உள்ள பொடி எழுத்தை வாசித்தார். முன்பக்கத்தில் உள்ள படத்தை ஒரு தரமும் பார்க்கவில்லை.

பச்சை மூடி: கறுவாவும் பாகற்காயும் வெந்தயமும். “இது சீனியக் குறைக்கும். நான் தாற குளிசையும் குறைக்கும். பழுதான கிட்னியால அந்தக் குளிசைய வெளியேத்த ஏலா, உடம்பிலேயே நிக்கும். ரெண்டும் சேந்தா விழுவீங்க. விழுந்தீங்களா?”

சப்ரி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

தண்ணீரில் பொங்குகிற தோடம்பழக் குளிசை: அந்த அளவு விற்றமின் சி கிட்னிக்குள் கல்லாக நிற்குமாம், பொங்குவதற்குப் போட்டது உப்பாம். கால் உளைவுக்கு வந்த மக்னீசியம் வெளியேற வழியில்லாமல் சேருமாம். மாப்பவுடர் முழுக்கப் புரதமாம், ஓட முடியாத மாட்டுக்கு இன்னொரு வண்டி. (வண்டி என்னுடைய சொல், அவருடையதில்லை.) பிறகு அந்த உப்பு டப்பா. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் தனியாக வைத்தார்.

“இதுதான் ஐயா ஆள். சோடியத்த எடுத்துட்டுப் பொட்டாசியம் போட்டிரிக்கான். நல்ல கிட்னி உள்ளவனுக்குப் பிரச்சினையில்ல. உங்களுக்கு நஞ்சு.”

எல்லாமே கூடாதா என்று கேட்டேன். அப்படியில்லையாம். சிலருக்குச் சிலது தேவைப்படும், அவரே எழுதுவாராம், இரத்தத்தைப் பார்த்து, அளவோடு. எலும்புக்கு என்று வந்த ஒரு சிறிய போத்தலை மட்டும், “பாத்துட்டுச் சொல்றன், அதுவரைக்கும் மூடி வைங்க” என்றார். புதிதாக எது வந்தாலும் வாய்க்குள் போகுமுன் அவரிடம் காட்ட வேண்டும். விழுவது போல் வந்தால் உடனே சீனித் தண்ணீர், பிறகு ஆஸ்பத்திரி. வெக்கை என்று சொல்லக் கூடாது. நான் அப்படிச் சொன்னதைச் சப்ரிதான் அவரிடம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த வியாபாரத்தில் நான் தலையெடுத்தது ஒரே பழக்கத்தால். விற்க வருகிறவன் மேலே நல்ல கருவாடு பரப்பி, அடியில் ஈரமானதைப் போட்டுக் கட்டுவான். ஆகவே சாக்கின் அடிவரை கையை விட்டுப் பார்க்காமல் ஒன்றும் வாங்க மாட்டேன். விநாயகபுரத்துப் படகுச் சம்மாட்டிமார் என்னைக் கண்டால் தாங்களே சாக்கைக் கவிழ்த்துக் காட்டுவார்கள். வாழ்க்கையில் அடிபார்க்காமல் வாங்கியது இந்தப் போத்தல்களை மட்டும்தான். அனுப்பியவள் முகம் தெரிந்தபடியால்.

எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது. கந்தப்போடி! மற்ற டப்பா!

அவருக்கு எடுத்தேன், போன் போகவில்லை. யா அல்லாஹ். அந்த மனிசனுக்கு நான் என்னத்தெக் குடுத்தன்?

06.07.2025, ஞாயிறு

நேற்று முழுக்க அவர் போன் வேலை செய்யவில்லை. இன்று பகல் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். வீட்டுக்குப் போகாமல் நேரே ஓட்டோ பிடித்துச் சவளக்கடைக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே எண்ணம். அவர் வாசலில் பந்தல் நிற்குமோ?

பந்தல் இல்லை. சாரத்தோடு கட்டிலில் இருந்தார்.

“என்ன ஹாஜியார், வயலுக்குள்ள கருவாடு விக்க வந்தீங்களா?”

“போடியார், அந்த உப்பு டப்பா! திண்டீங்களா?”

அவருடைய மனைவி செல்லத்தங்கம் உள்ளேயிருந்து கதைத்தார்: “ஒரு நாள் கறிக்குப் போட்டன். வாய் வைக்க ஏலா, கசப்பு. கோப்பையத் தள்ளிப்போட்டு எழும்பிட்டார். மறுகா வீணாக்கக் கூடாதெண்டு மாட்டுக்குக் கழுநீரில கலந்து வெச்சன்.”

“மாடு?”

“மாடு சுகம்,” என்றார் கந்தப்போடி. “முதலாளிய விசாரிச்சதாச் சொல்லச் சொன்னிச்சு.”

நான் சிரிக்க வெளிக்கிட்டு அழுதுவிட்டேன். வெட்கம். அவர் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். மிச்ச டப்பாவைக் கேட்டு வாங்கினேன். அவர்கள் போனுக்குக் காசு போடவில்லையாம், அவ்வளவுதான் விசயம்.

சோறு தந்தார்கள். உப்பில்லை, தேசிக்காய் கொஞ்சம் பிழிந்திருந்தது. மூன்று பேர் இருந்து சாப்பிட்டோம். கோப்பை வழித்தேன்.

வெளிக்கிடும்போது கேட்டார்: “மகளுக்குச் சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“அப்ப அடுத்த பார்சலும் வரும். ஓடர் குடுக்கிறது நீங்கதானே.”

09.07.2025, புதன்

சொல்லப் போனேன். எண்ணைத் தட்டி, மணி அடிக்குமுன் வெட்டினேன்.

வெளிப்படையாக எழுதுகிறேன், வாசிக்க யாரும் இல்லையே. தெரிந்தால் வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லி வைத்திருக்கிறேன். பொய். என் பயம் அது இல்லை. தெரிந்த பிறகும் வராமல் இருந்தால்? அப்போது இந்தப் பின்னறையில் நான் எதை நம்பி இருப்பது?

இன்னொன்று. போத்தல் வேண்டாம் என்றால், பிறகு என்ன அனுப்புவாள்? எதைச் சாட்டாக வைத்துக் கதைப்பாள்?

ஜன்னல் ஓரம் வெறுமையாக இருக்கிறது. அழுக்கு வட்டங்கள் மட்டும். துடைக்கவில்லை.

13.07.2025, ஞாயிறு

றிஸ்வான் என்கிற பையன் லீவில் வந்தவன், பார்சல் கொண்டு வந்து தந்தான். பேரீச்சம்பழம், ஒரு சாரம், ஒரு போத்தல். இந்தத் தரம் போத்தலை முன்பக்கம் பார்க்கவில்லை, நேரே திருப்பி முதுகைப் பார்த்தேன். ஏதோ வேர், ஏதோ இலை, இங்கிலீசில் நீளமாக. பிறகு முன்னுக்குத் திருப்பினேன்.

அவரை விதை மாதிரி இரண்டு படம். கிட்னி.

கதிரையில் இருந்துவிட்டேன். நான் எப்போது கிட்னி என்றேன்? அவளிடம் அந்தச் சொல்லையே சொன்னதில்லையே.

அவளுக்கு எடுத்தேன். இந்தத் தரம் வெட்டவில்லை.

“ஆரு மகள் சொன்ன?”

“நீங்க வாட்டில இரிக்கக்குள்ள சப்ரி காக்காதான். நான் கேட்டனெண்டு அவரோட கோவிக்காதீங்க.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல்ல?”

“நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டிருந்தன் வாப்பா. சொல்லாத மனிசனுக்கிட்ட என்னத்தெக் கேக்கிற? ஏலாமப் போய்த்தான் கிட்னியக் கழுவுமாம் எண்டு அதெ வாங்கி அனுப்பின.”

“கழுவ அது கோப்பையா? இனி ஒரு போத்தலும் அனுப்பாத மகள். டொக்டர் சொல்லிட்டாங்க.”

அழுதாள். அவள் அனுப்பியதுதான் என்னைப் படுக்கையில் போட்டது என்று சப்ரி சொல்லவில்லை போலும். நான் இப்போது சொல்ல வேண்டியதாயிற்று. “உம்மா மௌத்தான நேரமும் நான் பக்கத்தில இல்ல. வேறென்னத்தெச் செய்யிற வாப்பா? போத்தலாவது வரட்டும் எண்டுதான்.”

அப்போ அவளுக்கும் அந்தப் போத்தல் அப்படித்தானா.

நாளைக்குக் கதைப்போம் என்று வைத்தேன்.

14.07.2025, திங்கள்

கதைத்து முடித்தோம். வியாபாரம் என்றால் பேசியதை எழுதி வைக்க வேண்டும்.

இனிப் போத்தல், தூள், வேர் ஒன்றும் வராது. எதையாவது கண்டு மனம் கேட்காவிட்டால் வாங்குமுன் அதன் முதுகைப் படம் பிடித்து அனுப்புவாள். நான் டொக்டர் சுஜித்தாவிடம் காட்டுவேன். அவர் ஓம் என்றால்தான். கிளினிக்கில் தரும் இரத்தத் துண்டு அன்றைக்கே அவளுக்குப் போகும், நல்லதோ கெட்டதோ, “நல்ல சுகம்” என்ற சொல் செல்லாது. டிசம்பர் லீவுக்குப் பேத்தி நிஹ்லாவோடு வருவாள். நான் முன்வீட்டில் படுக்க வேண்டும் என்றாள். அது உன் வீடு என்றேன். “என்ட வீட்டில ஆரு படுக்கிற எண்டு நான்தானே சொல்லுற,” என்றாள். என் மகள்தான்.

எனக்கு என்ன வேணும் என்று கேட்டாள். வியாபாரி எப்போதும் கூட்டித்தான் கேட்பான், மற்றவர் குறைப்பார், நடுவில் எங்கேயோ வந்து நிற்கும். கிழமையில் ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று மனதில் வைத்துக்கொண்டு, “மஃரிப் தொழுகைக்குப் பிறகு நாளாந்தம் ஒரு போன் கோல்,” என்று கேட்டேன்.

அவள் குறைக்கவில்லை. “ஓம் வாப்பா,” என்றாள்.

நாளாந்தம். மஃரிபுக்குப் பிறகு.